தாழம்பட்டினத்தில் நற்குடிமை வாரம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் நற்குடிமைப் பண்பு போதாது என்பது ஒரு திங்கட்கிழமை காலையில் மேலே யாருக்கோ தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதைச் சரிசெய்து, சரிசெய்ததற்கான படங்களைச் செயலியில் ஏற்றிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்த உத்தரவை முதலில் படித்தவன் நான்தான். பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கட்டுமாவடியிலிருந்து கோட்டைப்பட்டினம் போகிற சாலையில் கடலைப் பார்க்கத் திரும்பினால் முதலில் என் கடை, அடுத்தது தாழம்பட்டினம் அரசு உயர்நிலைப் பள்ளி, அதற்கப்புறம் கடல். கல்விக்காக மேலே யார் என்ன செய்தாலும் என் கடையில் ரெண்டு பிரதி எடுத்த பிறகுதான் அது பிள்ளைகளைப் போய்ச் சேரும். என் மகன் கோபிநாத் அங்கே எட்டாவது படிப்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் ஒரு உறுப்பினராகப் போட்டிருந்தார்கள்.

உத்தரவில் எல்லாம் தெளிவாக இருந்தது. நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் நற்குடிமக்களாக மாறியிருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு என்று போட்டால் செயலி ஏற்காது, தணிக்கையில் சந்தேகப்படுவார்கள். ஆகவே மீதிப் பேரைத் திருந்தாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலைமையாசிரியருக்கு.

தலைமையாசிரியர் ஆண்டியப்பன் குளத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காலையில் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார், பிள்ளைகளை அடிக்க மாட்டார். அவரிடம் ஒரே ஒரு குறை. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறை கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், தனித் தண்ணீர்த் தொட்டி, கதவில் தாமரைப்பூ. திறப்புவிழா அன்று திறந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் ஆண்டியப்பன் சார் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் மேசை டிராயரில் வைத்தார். அந்த வருடமே தூய்மையான கழிப்பறைக்கான மாவட்ட விருது எங்கள் பள்ளிக்குக் கிடைத்தது. அடுத்த வருடமும் கிடைத்தது. யாருமே போகாத கழிப்பறையோடு போட்டி போட்டு எந்தப் பள்ளி ஜெயிக்கும்?

இதில் மாட்டிக்கொண்டவள் சேதுலட்சுமி. மேலாண்மைக் குழுவின் தலைவி அவள்தான். கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறவள். குழுத் தேர்வு நடந்த அன்று, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது, போகட்டுமா என்று கேட்பதற்காகக் கையைத் தூக்கினாள். தலைவியாக விருப்பமுள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்று சார் சொல்லி வாய்மூடிய நேரம் அது. கைதட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய மகள் இளமதிக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தது. மணமேல்குடியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது நீர்க்கடுப்பு, பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, இன்னொரு தரம் வந்தால் சிறுநீரகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினார். இளமதி பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. எந்தப் பெண் பிள்ளையும் குடிப்பதில்லை. பையன்கள் சவுக்குத் தோப்புப் பக்கம் போய்விடுவார்கள்.

சேதுலட்சுமி, மீன் கூடையை என் கடையில் இறக்கி வைத்துவிட்டு, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு சாரைப் பார்க்கப் போனாள்.

"சார், அந்தக் கக்கூஸைக் கொஞ்சம் தெறந்து விடுங்க சார். பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லாமப் போயிருச்சு."

"ஒக்காருங்க தலைவியம்மா. அது பிள்ளைகளுக்காகக் கட்டினதுதான். யாரு இல்லைங்கிறா? ஆனா பயன்படுத்த விட்டா என்னாகும்? அசிங்கமாகும். அசிங்கமானா விருது போயிரும். விருது போனா யாருக்குக் கேவலம்? பிள்ளைகளுக்குத்தான். அவங்க மானத்தைக் காப்பாத்தத்தான் நான் பூட்டி வச்சிருக்கேன்."

"அப்ப பிள்ளைக எங்கிட்டு சார் போகும்?"

"வீட்டுலயே முடிச்சிட்டு வரணும். நேரம் தவறாமைங்கிறது நற்குடிமைப் பண்புல மூணாவது" என்றார் சார்.

சேதுலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலுக்கு வந்ததும், "அவரு சொல்லும்போது சரியாத்தாண்ணே இருக்கு. வெளிய வந்தாத்தான் திக்குங்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நற்குடிமை வாரம் தொடங்கியது. முதலில் உறுதிமொழி. எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு, "பொதுச்சொத்தைக் கண்ணெனப் பாதுகாப்பேன்" என்றார்கள். வெறும் சொல்லாகப் போய்விடக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று உத்தரவில் இருந்ததால், சார் அவர்களை வரிசையாக அழைத்துப்போய்க் கழிப்பறைப் பூட்டைக் காட்டினார்.

"பாத்துக்கங்க. பாதுகாப்புன்னா இதுதான். கட்டி ரெண்டு வருஷமாகுது, ஒரு கீறல் உண்டா?"

பிள்ளைகள் இல்லை என்றார்கள்.

அடுத்தது கைகழுவும் பயிற்சி. அதில் பல நிலைகள் இருந்தன, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று. தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் கழிப்பறைத் தொட்டியில் இருந்தது. "பாவனையாப் பண்ணுங்க, படத்துல தண்ணி தெரியப் போறதில்லை" என்றார் சார். எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் நின்று காய்ந்த கையைக் காய்ந்த கையால் தேய்த்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. நான்தான் பிரிண்ட் போட்டேன்.

வியாழக்கிழமை மாணவர் தலைவர் தேர்தல். ஆனால் புதன்கிழமை சாயங்காலமே சார் கடைக்கு வந்து, வெற்றிச் சான்றிதழ் ஒன்று கலரில் அடிக்கச் சொன்னார். பேர் கோபிநாத் என்று போடச் சொன்னார்.

"சார், தேர்தல் நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான். ஆனா நாளைக்கு எல்லா ஸ்கூல்லயும் ஏத்துவாங்க, சர்வர் படுத்துக்கிரும். நான் இன்னைக்கே ஏத்திட்டேன். ஒங்க பையன் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கான். தேர்தல் அமைதியா நடந்துச்சு."

பெற்ற மனம், என்ன செய்ய? எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல தாளிலேயே அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் தேர்தல். வேட்பாளர்கள் மக்கள் பிரச்சினையைப் பேச வேண்டும் என்று கையேட்டில் இருந்ததால், கோபிநாத்துக்குச் சாரே எழுதிக் கொடுத்திருந்தார். அவன் மரம் நடுவோம், மழை பெறுவோம் என்று ஒரு பக்கம் படித்தான். எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வராததால், தேர்தல் தேர்தலாகத் தெரிய வேண்டுமே என்று சார் இளமதியை எழுப்பி விட்டார். அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"நான் ஜெயிச்சா கக்கூஸ் சாவியை வாங்கித் தருவேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஓட்டுகளை எண்ணினார்கள். எல்லாம் இளமதிக்கு. என் மகனுக்கு ஒரே ஒரு ஓட்டு. சாயங்காலம் வந்தவனிடம், "ஒன் ஓட்டு மட்டுந்தானாடா விழுந்துச்சு?" என்றேன்.

"நான் இளமதிக்குல்லப்பா போட்டேன்? பாவம்ப்பா அது. கிளாஸ்ல வயித்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்குது."

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசிரியர்களும் ஓட்டுப் போடலாம் என்று விதி இருந்ததாகச் சொல்கிறார்கள்.

சார் கொஞ்ச நேரம் தவித்துப் போனார். பிறகு சமாளித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "தேர்தல்ங்கிறது ஒரு பயிற்சி. எல்லாரும் அருமையாப் பண்ணுனீங்க. முடிவு ஏற்கெனவே வந்திருச்சு. கோபிநாத் ஜெயிச்சிருக்கான். கை தட்டுங்க."

"சார், அப்ப நாங்க போட்ட ஓட்டு?" என்றாள் இளமதி.

"அது அனுபவம்மா. அனுபவத்தை யாராலயும் ஒங்கிட்டேருந்து பறிக்க முடியாது."

அன்று சாயங்காலம் சேதுலட்சுமி கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபிநாத் ஜெயித்ததைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "பதவி கெடக்குதுண்ணே. ஒங்க மகன் இருந்தா என்ன, எம்மக இருந்தா என்ன? இன்னைக்கும் தண்ணி குடிக்காம வந்திருக்கா. மறுபடி மேலு காயுது. நான் என்னத்துக்குண்ணே தலைவியா இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் மேசை மேல் என் மகன் பேர் போட்ட சான்றிதழின் இரண்டாவது பிரதி பளபளவென்று கிடந்தது. அதை வைத்துக்கொண்டு யார் மேல் ஆத்திரப்படுவது?

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. மாவட்ட நற்குடிமை ஒருங்கிணைப்பாளர் புவனேஸ்வரி மேடம் புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்தார். வழியில் அறந்தாங்கியில் ஒரு பள்ளியில் இளநீர், அடுத்த பள்ளியில் மோர், அதற்கடுத்த பள்ளியில் ரோஸ்மில்க். எங்கள் பள்ளியில் நன்னாரி சர்பத். மரத்தடியில் மேடை, மணலில் பிள்ளைகள், ஓரமாக நாங்கள் குழு உறுப்பினர்கள். செருப்பை எல்லாரும் வகுப்பு வாசலில் கழற்றி விட்டிருந்தார்கள்.

மேடம் நன்றாகப் பேசினார்.

"அன்பு மாணவச் செல்வங்களே, நல்ல குடிமகன் யார்? கேள்வி கேட்பவன்! அஞ்சாமல் கேள்வி கேளுங்கள்!"

இளமதி கையைத் தூக்கினாள்.

"கையைக் கீழ போடும்மா. பேசிக்கிட்டிருக்கும்போது கை தூக்கக் கூடாது, அதுவும் ஒரு பண்பு. எங்கே விட்டேன்? ஆங், உரிமை. நம்முடைய உரிமைகள் என்னென்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் போதும். உரிமை தெரிந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்க மாட்டான். எதுவும் தெரியாதவன்தான் அது வேண்டும் இது வேண்டும் என்று மனு கொடுப்பான். எங்கள் அலுவலகத்துக்கு இந்த வருடம் ஒரு மனுகூட வரவில்லை. ஏனென்றால் நம் மாவட்டத்தில் அந்த அளவுக்கு விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டது. மனு வாங்கும் ஜன்னலையே மூடிவிட்டோம்."

கைதட்டல்.

கடமைகளுக்கு வந்தபோது மேடம் கொஞ்சம் நெளிந்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். பத்துக் கடமைகள் என்று ஆரம்பித்தவர் நாலாவதிலேயே மற்றவை உங்களுக்கே தெரியும் என்று முடித்துவிட்டுச் சாரின் காதில் ஏதோ சொன்னார். சார் ஆபீஸ் அறைக்கு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. சாவியோடு வந்தார். பூட்டு திறந்தது. மேடம் உள்ளே போனார்.

மணலில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் திறந்த அந்தக் கதவைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் சத்தத்தை அன்றுதான் நான் கேட்டேன்.

அப்போது இளமதி எழுந்தாள். வகுப்பு வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்து, கழிப்பறை வாசல்படிக்கு நேரே ஜோடியாக வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இது எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். குழாயடியில் குடம், ரேஷன் கடையில் பை, ஏலத்தில் கூடை. பொருள் வரிசையில் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. சொந்தக்காரர் அந்தப் பக்கம் போய் வேலையைப் பார்க்கலாம். முறை வராமல் அதை எடுக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. ஊரில் வெட்டுக்குத்து நடந்த காலத்தில்கூட யாரும் யார் குடத்தையும் நகர்த்தியதில்லை.

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மேடம் வெளியே வந்தபோது படியிலிருந்து கொடிக்கம்பத்தைத் தாண்டி வேலி வரைக்கும் செருப்பு நின்றது.

"என்ன சார் இது?" என்றார் மேடம்.

சேதுலட்சுமிதான் சொன்னாள். "வரிசைங்க மேடம்."

"வரிசையா! சொல்லாமலேயே செஞ்சிருக்காங்களா?" மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆண்டியப்பன் சார், ஒங்களைப் பாராட்ட வார்த்தையே இல்லை. மத்த பள்ளிகள்ல பிள்ளைங்களை வரிசையில நிக்க வைக்கவே முடியலை. ஒங்க பள்ளியில செருப்பே நிக்குது!" பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். செருப்பு எதற்காக நிற்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கார் புறப்பட்டுப் போய்விட்டது.

கார் சாலையில் ஏறியதும் சார் பூட்டைப் போட்டார். "நல்லாப் பண்ணுனீங்க. படம் எடுத்தாச்சு. செருப்பை எடுத்துட்டுக் கிளாசுக்குப் போங்க."

யாரும் எடுக்கவில்லை.

"இன்னும் மொறை வரலை சார்" என்றாள் இளமதி.

சார் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை, அவர் சொன்னபடி வகுப்புக்குப் போனார்கள். செருப்பை மட்டும் எடுக்கவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும், பெண் பிள்ளைகள் கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனார்கள். பையன்கள் செருப்போடுதான் வந்தார்கள். என் மகனும் பாட்டா செருப்பு போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். அதை அவன் வெட்கப்பட்டுக் கையில் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் என்பதால் அன்று சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் படகில் ஐஸ் ஏற்றப் போயிருந்தார்கள். பெண்கள்தான் மகள்களோடு பள்ளிக்கு வந்தார்கள். வெறுங்காலோடு வந்த மகளின் காதைப் பிடித்து, "செருப்பு எங்கடி?" என்று கேட்டு, "வரிசையில நிக்குது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அது என்ன கூத்து என்று பார்க்க வந்தவர்கள். பாதிப் பேருக்குப் பள்ளியில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "இம்புட்டு நல்லாவா கட்டி வச்சிருக்காக!" என்று முத்துமாரியம்மாள் தாமரைப்பூவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சார் வீட்டுக்குப் போகவும் முடியாமல் வாசலில் நின்றார். சேதுலட்சுமியைப் பார்த்ததும் போன உயிர் வந்த மாதிரி, "தலைவியம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. அவங்கவங்க செருப்பை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

சேதுலட்சுமி உண்மையாகவே குழம்பித்தான் நின்றாள். "எப்பிடிங்க சார் சொல்றது? மொறை வராம எடுத்தா எடம் போயிரும்ல? நாளைப்பின்ன கொழாயடியில எங்க கொடத்தை யாரு மதிப்பாக? நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரியாது. வரிசை நகரட்டும் சார், தானா எடுத்துக்கிருவாக."

சார் பெண்களைப் பார்த்தார். வேலி வரை நின்ற செருப்பைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு தடவைதான்" என்று பூட்டைத் திறந்தார்.

முதலில் இளமதி போனாள். வெளியே வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சேதுலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. இருட்டுகிற நேரத்தில்தான் கடைசி ஜோடிச் செருப்பு கிளம்பியது.

சார் பூட்டப் போனார். பூட்டைக் காணவில்லை.

எல்லாரும் தேடினார்கள். எங்கள் பெண்கள் தேடினால் மணலில் விழுந்த மூக்குத்தித் திருகாணிகூடக் கிடைத்துவிடும். பூட்டு மட்டும் கிடைக்கவில்லை. அன்று முழுக்க நான் அங்கேதான் நின்றேன், எனக்கும் தெரியாது. கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

புதுப் பூட்டு வாங்க மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். சாரே கடையில் ஒன்று வாங்கி மாட்டினால், இது எந்தத் தீர்மானத்தில் வந்தது என்று தணிக்கையில் பிடித்துக்கொள்வார்கள். விதியை மீறுகிற ஆள் இல்லை அவர். அடுத்த வாரமே கூட்டத்தைக் கூட்டினார். என் எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தீர்மானத்தை எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

"எழுதுங்க. பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு ஒன்று வாங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தலைவி கையெழுத்து."

சேதுலட்சுமி பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். "போடுறேன் சார். என்னத்துக்குப் பூட்டுன்னு அதுல எழுதலையேங்க சார்?"

"ஆமாமா, காரணம் எழுதணும். எழுதுங்க." சார் தொண்டையைச் செருமினார். "பொதுச்சொத்தைப் பாதுகாக்கும் பொருட்டு..."

எழுதினேன்.

"...அதை மாணவிகள்..."

எழுதினேன்.

"...பயன்படுத்தி..."

அங்கே சார் நிறுத்தினார். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். குழுவில் எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே கழிப்பறைக் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. சார் நான் எழுதியதை எட்டிப் பார்த்தார். தன் கையெழுத்தும் அதற்குக் கீழே வரப்போகிறது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அதை அடிச்சிருங்க. வேற மாதிரி எழுதலாம்" என்றார். வேறு மாதிரி என்னவென்று சொல்லவில்லை. நெற்றியைத் துடைத்தார். கூரையைப் பார்த்தார்.

சேதுலட்சுமி பேனாவை மூடி மேசை மேல் வைத்தாள். அவள் முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை.

"அவசரமில்லைங்க சார். நல்லா யோசிச்சு, அடுத்த மாசக் கூட்டத்துல சொல்லுங்க."